ஒன்லைன் கேமை விட்டாயிற்று, இனி எதை விளையாடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலையில் லெப்டொப் திருத்துகிறவன். 2018 தொடக்கம் நாலு வருடம் ஒரு ஒன்லைன் துப்பாக்கி கேமில் கிடந்து, 2022இல் அதை விட்டவன். இந்த இரண்டாவது செய்தி எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. நான் கீபோர்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அண்ணா, நானும் விட்டுட்டன். இப்ப என்ன விளையாடுறது?" என்று மெதுவாகக் கேட்கிற பெடியள் அதிகம். முடிவுள்ள கேம், அதாவது ஒருநாள் முடித்து மூடிவைக்கக்கூடிய கேம் விளையாடு என்பதுதான் என் பதில். அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முடிவுள்ள கேம் என்கிறீர்களே, எந்த கேமும் ஒரு கட்டத்தில் முடியத்தானே வேண்டும்?

மேட்ச் முடியும், கேம் முடியாது. இருபது நிமிடத்தில் ஒரு சுற்று முடியும், தரவரிசையில் ஒரு படி ஏறுவீர்கள். சீசன் முடிந்ததும் நாலு படி இறக்கிவிடுவார்கள், மறுபடி ஏறுவீர்கள். ஏணி மட்டும்தான் இருக்கிறது, மாடி இல்லை.

முடிவுள்ள கேம் நமக்குப் புதிதும் இல்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோவில் 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள், ஆக 32. அவ்வளவுதான். 1989இல் வந்த பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியாவில் 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். 2002 சமாதான காலத்தில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் வகுப்புகள் முளைத்தபோது நான் டைப்பிங் பழகியதைவிட அந்த வெள்ளைச் சட்டைக்காரனைக் குழிக்கு மேலால் பாயவிட்டதுதான் கூட. ஒருநாள் முடித்தேன். முடித்தேன் என்று வீட்டில் வந்து சொன்னேன். நாலு வருடம் விளையாடிய ஒன்லைன் கேமைப் பற்றி அப்படி ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை. விடிய விடியக் கூத்து ஆடினாலும் கடைசியில் மங்களம் பாடுவார்கள் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன்.

விட்ட பிறகு எந்த கேமைப் போட்டாலும் பத்து நிமிடத்தில் சலிக்கிறதே?

எல்லோரும் கேட்பது இதைத்தான். அடுத்த கேம் எது என்பதைவிட இதுதான் முக்கியமான கேள்வி என்பது என் எண்ணம்.

நமக்குப் பழகிப்போனது விளையாட்டு இல்லை, கூப்பிடுகிற குரல். தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒருநாள் தவறினால் திரும்ப முதலிலிருந்து. பெட்டியைத் திறந்தால் ஏதாவது வரும், எது வரும் என்று தெரியாது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் கண்டதும் இதுதான். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கொத்திய புறா இலகுவில் நிறுத்தாது. நாங்கள் இரண்டாவது வகைப் புறாக்கள்.

அதைவிட ஒட்டிக்கொள்வது இன்னொன்று. இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில், "அண்ணா வாங்கோ, நீங்க இல்லாம ஏலாது" என்று ஒருவன் எழுதுவான். கடையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தம்பலகாமத்தில் சித்தி மகளுக்குக் கலியாணம். தாலி கட்டுகிற நேரம் நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அங்கேதான் சிக்னல் இருந்தது. கலியாண வீடியோவில் எல்லோரும் அறுகரிசி போடுகிறார்கள், நான் இல்லை. சித்தி இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

நான் விட்டதும் மன உறுதியால் இல்லை. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. ரவுட்டர் செத்தது, சில நேரம் டவரும் சேர்ந்து செத்தது. என் 400 நாள் தொடர் அறுந்தது. அறுந்த அன்று இரவு ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் திகைப்பு.

முடிவுள்ள கேம் உங்களைக் கூப்பிடாது. மூன்று நாள் திறக்காவிட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். பழகிய காதுக்கு அந்த மௌனம் முதலில் சலிப்பாகத்தான் கேட்கும். எனவே விட்ட உடனே புதிய கேம் தேடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே வேண்டாம். இது என் அனுபவக் கணக்குத்தான், உங்களுக்கு நாள் கூடலாம், குறையலாம்.

சரி, மூன்று வாரம் ஆகிவிட்டது. எதில் தொடங்கலாம்?

ஒரே இருப்பில் முடிகிற சின்னதில். முடிப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருக்கும், அதை முதலில் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஃப்ளோரன்ஸ். 2018இல் வந்தது, மெல்பேர்னில் செய்தது, அரை மணி நேரம்தான். ஒரு பெண், அவளுடைய வேலை, ஒரு காதல். முதல் சந்திப்பில் அவள் பேசுகிற ஒவ்வொரு வசனத்தையும் நாம் பல துண்டுகளாகப் பொருத்திக் கட்ட வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறையும். பேச்சு இலகுவாகிவிட்டது என்பதை விரல் புரிந்துகொள்கிறது. பிறகு சண்டை வரும், துண்டுகளின் ஓரங்கள் கூராகும். அரை மணி நேரத்தில் இதைச் செய்துவிட்டார்களே என்று யோசித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அடுத்தது மொனியுமென்ட் வேலி, 2014, பத்து அத்தியாயம், ஒரு மாலைக்குக் காணும்.

லெப்டொப் இருந்தால் எ ஷோர்ட் ஹைக், 2019. ஒரு குட்டிப் பறவை மலை உச்சிக்கு ஏற வேண்டும். எதற்காக? ஃபோனுக்கு சிக்னல் கிடைக்க. தண்ணீர்த் தாங்கி அடியில் நின்றவனுக்கு இது குத்தத்தான் செய்தது. ஆனால் அந்தப் பறவை போகிற வழியெல்லாம் நின்று எல்லோரோடும் கதைத்துக்கொண்டு போகிறது. நேராக ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது, நேராக ஏறினவர்களை நான் கண்டதில்லை.

அப்புறம் போர்ட்டல், 2007. சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வருவது, அவ்வளவுதான் கருவி. இருபதளவில் சோதனை அறைகள். மூன்று நாலு மணி நேரத்தில் முடியும். கடைசி அறைக்குப் பிறகு வருவதைச் சொல்ல மாட்டேன்.

துப்பாக்கி இல்லாமல் எனக்குச் சரிவராது. என்ன செய்வது?

டைட்டன்ஃபோல் 2, 2016. தனியாள் கதை மட்டும் விளையாடுங்கள், ஆறு மணி நேர அளவு. ஒன்லைன் பகுதி என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கும், அதை அமத்தாதீர்கள்.

எனக்குப் பொருத்தமானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விட்ட கேம் என்ன வகை என்று பார்க்காதீர்கள். அதில் நீங்கள் உண்மையில் எதை இரசித்தீர்கள் என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. நான் துப்பாக்கி கேம் விளையாடினேன், ஆனால் எனக்குச் சுடுவதில் பெரிய ஆசை இல்லை என்று பிறகுதான் விளங்கியது. யார் எங்கிருந்து வந்தான், அந்த வீட்டுக் கதவு ஏன் திறந்திருக்கிறது என்று ஊகிப்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆக எனக்குத் தேவைப்பட்டது துப்பறிகிற கேம்.

ரிட்டர்ன் ஒஃப் தி ஒப்ரா டின் அப்படி வந்து மாட்டியது. 2018இல் வந்தது, லூகாஸ் போப் என்ற ஒருவர் செய்தது. 1807இல் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் ஒன்று ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. கப்பலில் இருந்த 60 பேருக்கு என்ன நடந்தது? நீங்கள் காப்புறுதிக் கணக்கு எழுதுகிற அதிகாரி. உங்களிடம் ஒரு பைக்கடிகாரம் இருக்கிறது, எலும்புக்கூட்டின் பக்கத்தில் அதைத் திறந்தால் அந்த ஆள் செத்த நொடி அசையாமல் கண்முன் நிற்கும். சப்பாத்து, பேச்சின் தொனி, தூங்குகிற தொட்டிலின் இலக்கம் என்று பார்த்துப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் கதையைச் சரியாக எழுதினால்தான் சரி என்று சொல்லும், அதனால் சும்மா அடித்துவிட முடியாது. நான் ஒரு கொப்பியில் எழுதி எழுதி விளையாடினேன், கடையில் ரசீதுக்கு வைத்திருந்த கொப்பி. படம் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும், முதல் அரை மணி நேரம் கண் உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் என்றதும் ஒன்று. நம் ஊரின் பெயரில் உண்மையாகவே ஒரு கப்பல் இருக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய பிரித்தானியப் போர்க்கப்பல் எச்எம்எஸ் டிரின்கோமலி. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. அதன் படங்களைப் பார்த்துவிட்டு ஒப்ரா டின்னுக்குள் போனால் எந்தத் தட்டில் யார் தூங்கியிருப்பார்கள் என்று கொஞ்சம் பிடிபடும்.

உங்களுக்குப் பிடித்தது புது இடங்களைச் சுற்றிப் பார்ப்பது என்றால் அவுட்டர் வைல்ட்ஸ், 2019. ஒரு சின்னச் சூரியக் குடும்பம், 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பும். ஏன் என்பதுதான் கதை. ஆயுதம் இல்லை, லெவல் இல்லை, கையில் எதுவும் சேராது. உங்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் மிச்சம். விடை தெரிந்தவன் ஒரே சுற்றில் முடித்துவிடலாம், தெரியாமல் யாராலும் முடியாது. நாலு வருடம் கேம் ஆளுக்கு உடுப்புகளும் துப்பாக்கி நிறங்களும் சேர்த்தவனுக்கு இது நல்ல வைத்தியம்.

கை பழகுவது, தோற்று மறுபடி முயல்வது பிடிக்கும் என்றால் செலஸ்ட், 2018. நூற்றுக்கணக்கில் சாவீர்கள். செத்த மறுநொடி அதே இடத்தில் எழும்புவீர்கள், யாரும் திட்ட மாட்டார்கள். ஆட்களோடு சேர்ந்து விளையாடுவது என்றால் இட் டேக்ஸ் டூ, 2021. இரண்டு பேர் இருந்தால்தான் ஓடும், தனியாக முடியவே முடியாது. பக்கத்தில் இருந்து விளையாடுங்கள். நானும் மச்சானும் வெள்ளிக்கிழமை இரவுகளில் விளையாடி இரண்டு மாதத்தில் முடித்தோம். கேமைவிட இடையில் வந்த தேத்தண்ணிக் கதைதான் ஞாபகத்தில் நிற்கிறது.

தமிழ் ஆட்களைப் பற்றி ஒரு கேம் இருக்கிறதாமே?

வெண்பா. 2023இல் வந்தது, டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம். தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். தாயிடம் தன் அம்மாவின் சமையல் கொப்பி இருக்கிறது, பக்கங்கள் கிழிந்தும் மை ஊறியும் போயிருக்கின்றன. விட்டுப்போன படியைக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. முதலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று யோசிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என் அம்மா பின்னால் நின்று பார்த்தார். புட்டு வந்ததும், "இது குழல் புட்டு, நாங்க நீத்துப்பெட்டியில அவிக்கிறது" என்று ஒரு குறை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கேம் விளையாடுவதை அம்மா கடைசிவரை பார்த்தது அந்த ஒரு தடவைதான். கனடாவில் எங்களுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா.

பெயரையும் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், வெண்பாவின் கடைசி அடிக்கு மூன்றே சீர்தான். அதுவும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றில்தான் முடிய வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதையும் இலக்கணமாக வைத்த பாட்டு அது.

என் லெப்டொப் பழசு, டேட்டாவும் குறைவு. ஓடுமா?

மேலே சொன்னதில் போர்ட்டல், செலஸ்ட், எ ஷோர்ட் ஹைக், ஒப்ரா டின் எல்லாம் பழைய மெஷினில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத லெப்டொப்களில் நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். அவுட்டர் வைல்ட்ஸும் இட் டேக்ஸ் டூவும் கொஞ்சம் பலம் கேட்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி 150 ஜிபி இடம் கேட்கிற சாமான்களை இப்போதைக்கு நினைக்க வேண்டாம். தரவிறக்கத்தை நள்ளிரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் ஸ்டீமை, அதாவது கேம் வாங்கி விளையாடுகிற அந்த ஒன்லைன் கடையின் மென்பொருளை, ஓஃப்லைனில் வைத்து விளையாடலாம், லைன் போனாலும் பயமில்லை.

கச்சான் காற்று வீசுகிற வெக்கைக் காலத்தில் லெப்டொப்பை மெத்தையில் வைத்து விளையாடாதீர்கள், சூடேறிப் பழுதாகும். எனக்கு வருகிற வேலையில் பாதி அதுதான், ஆனாலும் சொல்கிறேன்.

காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். நானும் களவாகப் பொறித்த சிடியில் வளர்ந்தவன்தான், உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் ஸ்டீமில் நமக்கு டொலரில் காட்டுகிற விலையைப் பார்த்துப் பயந்து ஓடாதீர்கள், கழிவு விற்பனை வருடத்தில் பல தடவை வரும், விருப்பப்பட்டியலில் போட்டு வையுங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். எபிக் கடையில் வாரா வாரம் இலவச கேம் தருகிறார்கள். ஆனால் அதையும் சேர்க்கிற வியாதியாக்கிவிட வேண்டாம், என்னிடம் திறக்காமலே அறுபது கிடக்கிறது.

ஒரு கணக்கு மட்டும். பழைய கேமுக்காக டேட்டா ரீலோட்டுக்கும் கேம் உடுப்புக்கும் எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். நான் எழுதினேன். தொகையை இங்கே போட மாட்டேன், வீட்டுக்காரி வாசிப்பா.

நூறு மணி நேர கேம் போடலாமா? நேரம் நிறைய இருக்கிறது.

முதல் கேமாக வேண்டாம். விச்சர் 3 அருமையான கேம், 2015, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வரைபடம் முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றையும் போய் அழிக்க வேண்டும் என்ற அரிப்பு, தினப் பரிசு வாங்குகிற அதே அரிப்புத்தான். நாலைந்து சின்ன கேம் முடித்த பிறகு போங்கள், கதையை மட்டும் பின்தொடருங்கள், கடலில் மிதக்கிற கேள்விக்குறிகளை விட்டுவிடுங்கள். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு அந்தக் கடலில் நான் தொலைத்த இரவுகள் போதும்.

தோட்டம் செய்கிற ஸ்டார்டியூ வேலி? அதற்கு முடிவே இல்லையே.

முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாத்தா வந்து தோட்டத்தை மதிப்பிடுவார். அதோடு மூடிவிடுங்கள். அவர் போடுகிற புள்ளிக்கு ஏற்ப நாலு மெழுகுதிரி வரை எரியும், எத்தனை எரிந்தது என்று கவலைப்பட வேண்டாம், எனக்கு மூன்றுதான் எரிந்தது.

இடையில் சிக்கிக்கொண்டால் வழிகாட்டி வீடியோ பார்க்கலாமா?

செலஸ்ட்டுக்குப் பார்க்கலாம். ஒப்ரா டின்னுக்கும் அவுட்டர் வைல்ட்ஸுக்கும் பார்த்தால் வாங்கிய காசு நட்டம்.

என் மகன் ஏ.எல். பரீட்சை எடுக்க வேண்டிய பிள்ளை, இரவு முழுக்க ஒன்லைன். இந்த மாதிரி ஒரு கேம் வாங்கிக் கொடுத்தால் மாறுவானா?

அக்கா, அவனாக விட முடிவெடுக்காமல் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் இதையும் விளையாடுவான், அதையும் விளையாடுவான். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பார்ப்பது மூன்று விஷயம்: விளையாட்டைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் நடந்தும் தொடர்வது. வழக்கமாக ஒரு வருடமாவது இப்படி இருந்தால்தான் அந்தப் பெயர். அப்படித் தெரிந்தால் வைத்தியரிடம் கதையுங்கள், லெப்டொப் திருத்துகிறவனிடம் இல்லை. அப்படி இல்லை என்றால் முதலில் பக்கத்தில் இருந்து ஒரு மேட்ச் பாருங்கள். யாரோடு கதைக்கிறான், எப்போது சிரிக்கிறான் என்று பாருங்கள்.

கூட விளையாடிய பெடியளை விட்டுவிட்டு வருவது துரோகம் மாதிரி இருக்கிறதே?

எனக்கும் இருந்தது. எங்கள் குழுவில் 30 பேர். விட்ட பிறகும் கதைக்கிறவர்கள் இப்போது மூன்று பேர். ஒருவன் மூதூர், ஒருவன் கிண்ணியா, ஒருவன் கட்டாரில். கட்டார்க்காரனின் முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை, ஆனால் அவனுடைய மகள் பிறந்த அன்று எனக்குத்தான் முதலில் சொன்னான். மற்ற 27 பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒரே பஸ்ஸில் போனோம், இறங்கிவிட்டோம்.

ஒரு கேம் முடித்ததும் வெறுமையாக இருக்கிறது. உடனே அடுத்ததைப் போடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் ஓடுகிற பெயர்களை முழுக்கப் பாருங்கள். அந்த வெறுமை கேமின் பங்குதான், காசு கொடுத்து வாங்கியது. உடனே அடுத்ததைப் போட்டால் முடிவுள்ள கேம்களையே முடிவில்லாத வரிசையாக்கிவிடுவீர்கள், நான் 2023இல் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன்.

பழைய அக்கவுண்டை விற்கலாமா?

பெரும்பாலான கேம்களின் விதிப்படி விற்கக்கூடாது, விற்றால் பிரச்சினை வாங்கினவனுக்கும் வரும். அழித்துவிடுங்கள். நான் கடவுச்சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி மாற்றினேன், மீட்கிற இமெயிலையும் அழித்தேன். அப்படியும் ஒரு தடவை உள்ளே போக முயன்றேன். முடியவில்லை, நல்ல காலம்.

இப்போது நீங்கள் என்ன விளையாடுகிறீர்கள்?

ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு கேம் முடிந்தது, அடுத்தது இன்னும் எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மகளோடு கோட்டைப் பக்கம் நடக்கிறோம், அவளுக்கு மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுக்க வேண்டும். ஒரு மானுக்குப் பெயரும் வைத்திருக்கிறாள். எல்லா மானையும் அந்தப் பெயராலேயே கூப்பிடுகிறாள்.